குடும்ப கோர்ட்டுக்கு வக்கீல் வேணாமா? ஒரு பழைய குமாஸ்தாவோட பதில்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, குடும்ப நீதிமன்றத்துக்கு வக்கீலே தேவையில்ல, சட்டமே அப்படித்தான் சொல்லுது, வக்கீலுங்கதான் புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல பூந்து கேஸ இழுக்குறாங்க, நேரா போய் ஜட்ஜ்கிட்ட பேசுனா முடிஞ்சு போச்சு, நானே அப்படித்தான் முடிச்சேன்னு. நான் மதுரையில ரொம்ப காலம் வக்கீல் குமாஸ்தாவா இருந்துட்டு இப்ப வீட்ல உக்காந்திருக்கவன். அவர் சொன்னது பாதி சரி. மீதிய நம்பி யாராச்சும் சொந்தமா மனு எழுதிக்கிட்டு கிளம்பிட்டா என்னாகும்னு எனக்குத் தெரியும், அதனாலதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போயிருச்சு, வெட்டணும்னா வெட்டிக்கோங்க, நோட்டரி பத்தி எழுதியிருக்குறத மட்டும் வெட்டிராதீங்க.

மொதல்ல அவர் சரியா சொன்னத சொல்லிடுறேன். 1984ல வந்த குடும்ப நீதிமன்ற சட்டத்துல 13ஆவது பிரிவு இருக்கு, அதுல வக்கீல் வெச்சு வாதாடுறத ஒரு உரிமையா யாரும் கேக்க முடியாதுன்னு இருக்கு, கோர்ட்டுக்கு தேவைன்னு பட்டா உதவிக்கு ஒரு சட்டம் தெரிஞ்சவர வெச்சுக்கலாம்னும் இருக்கு. ஆனா நடப்புல அனுமதி மனு ஒண்ணு போட்டு வக்காலத்து தாக்கல் பண்ணிருவாங்க, கோர்ட்டும் அனுமதிச்சுரும், நான் பாத்தவரைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். வக்கீல் இருந்தாலும் வாய்தாவுக்கு வாய்தா நீங்களும் போய் நிக்கணும், பேர கூப்பிடும்போது ஆள் இல்லன்னா மனுவே தள்ளுபடி ஆகலாம், எதிர்தரப்பா இருந்தா எக்ஸ்பார்ட்டி ஆயிடும், அதாவது நீங்க இல்லாமலே கேஸ் முடிஞ்சுரும். அதுக்கு முன்னாடி கவுன்சிலிங் வேற, அதே சட்டத்துல 9ஆவது பிரிவு, சமாதானத்துக்கு முயற்சி பண்ணிப் பாக்குறது கோர்ட்டோட கடமைன்னு. சில பேருக்கு கவுன்சிலிங்ல உக்காந்து பேசும்போதுதான் கல்யாணத்துக்கு அப்பறம் மொத தடவையா பேசுன மாதிரி இருக்கும், அதையும் பாத்திருக்கேன்.

இப்ப மனு விஷயம். கோர்ட்ல ஒரு மனுவ குடுத்துட்டா அது உடனே நம்பர் ஆயிடாது, அதாவது வழக்கு எண் விழாது, ஃபைலிங்ல பாத்து குறை இருந்தா ரிட்டர்ன் போட்ருவாங்க. எந்தக் கோர்ட்ல போடணும்கிறதே பாதி பேருக்குத் தெரியாது. கல்யாணம் நடந்த ஊரு, எதிர்தரப்பு இப்ப இருக்குற ஊரு, ரெண்டு பேரும் கடைசியா சேந்து குடியிருந்த ஊரு, இதுல எங்க வேணா போடலாம், பொண்ணு மனு போடுறதா இருந்தா அவங்க இப்ப இருக்குற ஊர்லயே போடலாம், இது 2003ல வந்த திருத்தம். இது தெரியாம கைக்குழந்தையோட திருநெல்வேலில இருந்து சென்னைக்கு பஸ் ஏறுன பொண்ணுங்க எத்தன பேரு. குடும்ப கோர்ட் இல்லாத ஊருன்னா சப் கோர்ட்ல ஹெச்.எம்.ஓ.பி.ன்னு, அதாவது இந்து திருமண மனுன்னு, நம்பர் ஆகும். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகலன்னா இந்து திருமண சட்டம் 14ஆவது பிரிவுப்படி விவாகரத்து மனுவையே எடுக்க மாட்டாங்க, தாங்க முடியாத கஷ்டம்னு காட்டி தனியா அனுமதி வாங்குனா ஒழிய. ரிட்டர்ன் ஆனத திரும்ப குடுக்குறதுக்கு நாள் கணக்கு உண்டு, அது தாண்டிப் போனா தாமதத்த மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. இதுல மாட்டி, நம்பரே ஆகாம கேஸ் கட்டுக்குள்ள தூங்குன மனுவ எல்லாம் நான் பாத்திருக்கேன், கட்சிக்காரரு, அதான் கேஸ் குடுத்தவரு, ஊர்ல கேஸ் நடக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருப்பாரு.

சரி, ரெண்டு பேருக்கும் சம்மதம், சண்டையே இல்ல, அப்ப எதுக்கு வக்கீலுன்னு கேப்பீங்க. எனக்கு கேட்டா அங்கதான் நல்ல வக்கீல் ரொம்ப தேவை. இந்து திருமண சட்டம் 13பி பிரிவு, பரஸ்பர சம்மத விவாகரத்து, 1976ல சேத்தது. ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும். பிரிஞ்சு இருக்குறதுன்னா தனித்தனி வீடுன்னு கட்டாயம் இல்ல, ஒரே வீட்ல இருந்துக்கிட்டே புருஷன் பொண்டாட்டியா வாழலன்னாலும் அது பிரிஞ்சு இருக்குறதுதான்னு சுப்ரீம் கோர்ட் 1991லயே சொல்லிருச்சு. மனு போட்டு ஆறு மாசம் கழிச்சு, 18 மாசத்துக்குள்ள மறுபடி ரெண்டு பேரும் வந்து சொல்லணும். இங்கதான் சிக்கல், அந்த எடைப்பட்ட காலத்துல யாராச்சும் ஒருத்தர் மனசு மாறி சம்மதத்த வாபஸ் வாங்கிக்கலாம், தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்த உரிமை இருக்குன்னு அதே 1991 தீர்ப்பு சொல்லுது. இப்ப யோசிங்க, மொத நாளே மொத்த பணத்தையும் குடுத்துட்டு அப்பறம் அந்தப் பக்கம் வரலன்னா? இல்ல நகைய எல்லாம் அப்பறம் தர்றேன்னு வாய் வார்த்தையா சொல்லி கையெழுத்து வாங்கிட்டு அப்பறம் தரலன்னா?

நான் வேலை பாத்த சீனியர் வக்கீல் இதுக்கு ஒரு முறை வெச்சிருந்தாரு. மனு போடுற அன்னிக்கு ஒரு பங்கு, மீதி ரெண்டாவது தடவ வாக்குமூலம் குடுக்குற அன்னிக்கு கோர்ட்லயே டி.டி.யா தரணும்னு ஒப்பந்தத்துல எழுதுவாரு. நகை லிஸ்ட் சவரன் கணக்கோட. சீர் சாமான்ல பிரிட்ஜ் எது கட்டில் எது பைக் யார் பேர்ல இருக்கு, எல்லாம். குழந்தை யார்கிட்ட, மத்தவங்க எப்ப பாக்கலாம், பொங்கல் லீவுல பாதி நாள் யார்கிட்ட, முழு பரீட்சை லீவுல யார்கிட்ட, பள்ளிக்கூட ஃபீஸ் யாரு, பாஸ்போர்ட்டுக்கு கையெழுத்து போட மறுக்கக் கூடாதுங்கிற வரைக்கும் எழுதுவாரு. ஜூனியருங்க சிரிப்பாங்க, ஐயா கல்யாண ஓலைய விட இது பெருசா இருக்கேன்னு. ஆனா அவர் எழுதுன ஒப்பந்தத்துல அப்பறம் வந்து சண்ட போட்டவங்க ரொம்ப கம்மி. குழந்தைக்கு ஜீவனாம்சம் வேணாம்னு அம்மா கையெழுத்து போட்டாலும் அந்தக் குழந்தையோட உரிமை அதோட போயிடாது, இதையும் அவரு ரெண்டு பக்கத்துக்கும் முன்கூட்டியே சொல்லிருவாரு. சொல்லாம விட்டா ரெண்டு வருஷம் கழிச்சு ஆம்பள பக்கம் நான் செட்டில்மென்ட் முடிச்சாச்சே இப்ப எதுக்கு புது கேஸ்னு குதிப்பாங்க.

இன்னொண்ணு, இதுக்கு முன்னாடியே வரதட்சணக் கொடுமை கேஸ் ஓடிக்கிட்டு இருந்தா, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 498ஏ, இப்ப அதுக்கு பதிலா வந்த புது சட்டத்துல 85ஆவது பிரிவு, ஸ்டேஷன்ல போய் நாங்க சமாதானம் ஆயிட்டோம்னு எழுதிக் குடுத்தா அது முடிஞ்சிருச்சுன்னு நெனைக்கிறாங்க. எஃப்.ஐ.ஆர். போட்டாச்சுன்னா நம்ம ஊர்ல அத ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்க முடியாது, ஹைகோர்ட்ல மனு போட்டு ரத்து பண்ணணும், நமக்கு மதுரைக் கிளை. ஒப்பந்தத்துல இத யாரு எப்ப எந்த செலவுல செய்யணும்னு எழுதலன்னா, விவாகரத்து வாங்கிட்டு ரெண்டாம் கல்யாணத்துக்கு பொண்ணு பாக்கும்போது பழைய கேஸ்ல சம்மன் வரும். வந்திருக்கு.

ஆறு மாசம் காத்திருக்க வேணாம், நான் தள்ளிவிட்டுத் தர்றேன்னு சொல்ற வக்கீலுங்கள கொஞ்சம் ஜாக்கிரதையா பாருங்க. 2017ல சுப்ரீம் கோர்ட் அந்த ஆறு மாசம் கட்டாயம் இல்லன்னு சொன்னது உண்மை, ஆனா சும்மா கேட்டவங்களுக்கு எல்லாம் கிடையாது, ஒரு வருஷமும் அந்த ஆறு மாசமும் சேத்து ஒன்றரை வருஷம் மனு போடுறதுக்கு முன்னாடியே பிரிஞ்சு இருந்திருக்கணும், சமாதான முயற்சி எல்லாம் தோத்திருக்கணும், ஜீவனாம்சம் குழந்தை எல்லாம் பேசி முடிச்சிருக்கணும், அப்பறமும் அது ஜட்ஜோட முடிவு. 2023ல அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, சேரவே முடியாதுன்னு ஆன கல்யாணத்த சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசனத்தோட 142ஆவது பிரிவ வெச்சு முடிச்சு வைக்கலாம்னு. அத டிவில பாத்துட்டு எங்க சப் கோர்ட்ல வந்து சார் அதே மாதிரி எனக்கும் குடுங்கன்னு கேட்டவங்க உண்டு, பாவம், அந்த அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும்தான்.

இனி சண்டைக் கேஸ். இங்க உங்க வாசகருக்கு வந்த கோவம் எனக்கும் இருக்கு, மறைக்க மாட்டேன். ஒரு பொண்ணு வந்து அழுதா போதும், ஒரே வாரத்துல ஜீவனாம்ச மனு ஒண்ணு, குடும்ப வன்முறை மனு ஒண்ணு, மகளிர் ஸ்டேஷன்ல புகார் ஒண்ணு. அந்தப் பக்கம் பையன் வந்தா சேந்து வாழ உத்தரவு கேட்டு இந்து திருமண சட்டம் 9ஆவது பிரிவுல ஒண்ணு, கூடவே விவாகரத்துக்கும் ஒண்ணு, வேற ஊருக்கு மாத்தச் சொல்லி ஒண்ணு. எல்லாத்துக்கும் தனித்தனி ஃபீஸ், தனித்தனி வாய்தா. தேவைப்பட்டவங்க போடத்தான் வேணும், அடி வாங்குற பொண்ணுக்கு 2005 வன்முறைத் தடுப்பு சட்டம் மாதிரி ஒண்ணு கிடையாது, வீட்ல குடியிருக்குற உரிமையே அதுலதான் கெடைக்குது. ஆனா எதிராளிய பணிய வைக்கலாம்னு கணக்கு போட்டு கட்டுக்கட்டா போடுறது வேற. நல்ல குடும்ப வக்கீல எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டா நான் சொல்ற ஒரே அடையாளம், இந்த மனு இப்ப வேணாம்மான்னு சொல்றாரா பாருங்க.

எங்க சீனியர் ஆபீஸ்ல கட்சிக்காரர் வந்தா கூடவே சித்தப்பா, மாமா, அக்கா வீட்டுக்காரர்னு ஒரு படையே வரும், எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க, யாருக்கு விவாகரத்துன்னே தெரியாது. அவரு எல்லாருக்கும் டீ சொல்லி வராண்டாவுல உக்கார வெச்சுட்டு சம்பந்தப்பட்டவங்கள மட்டும் உள்ள கூப்பிடுவாரு. உனக்கு என்னப்பா வேணும்னு கேப்பாரு. பல தடவ வெளிய மாமா கேட்டது ஒண்ணா இருக்கும், உள்ள இவங்க கேக்குறது வேறயா இருக்கும். ஒரு பொண்ணு, அவங்க வீட்ல நடந்த கதை எதுவும் வேணாம், என் டிகிரி சர்டிபிகேட் மட்டும் வாங்கிக் குடுங்க சார், வேலைக்குப் போகணும்னு கேட்டுச்சு. வெளிய அவங்க அப்பா அம்பது லட்சம் கேக்கணும்னு உக்காந்திருந்தாரு.

அப்பறம் மனுவுல எழுதுற வார்த்தை. கோவத்துல அவளுக்கு நடத்தை சரியில்ல, அவன் ஆம்பளையே இல்லன்னு எழுதச் சொல்லுவாங்க, சில வக்கீலுங்களும் கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கும்னு எழுதிருவாங்க. ஆதாரம் இல்லாம அப்படி எழுதுறதே எதிராளிக்கு செய்யுற கொடுமைன்னு 1994ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு கேஸ்ல விவாகரத்து குடுத்துருக்கு, அதாவது நீங்க பதில் மனுவுல எழுதுனத வெச்சே அவங்க ஜெயிச்சுருவாங்க. அதோட அந்தக் காகிதம் எங்கயும் போகாது, நாளைக்கு உங்க புள்ள வளந்து படிச்சா?

ஜீவனாம்சம் பத்தி ஒரு ரெண்டு வரி. 2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கு அப்பறம் ரெண்டு பேரும் சொத்து, சம்பளம், கடன், செலவு எல்லாம் காட்டி பிரமாணப் பத்திரம் போடணும், பணம் மனு போட்ட தேதில இருந்து கணக்கு. அதனால சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி தாக்கல், எல்.ஐ.சி., வாடகை வருதுன்னா அது, எல்லாத்தையும் மொதல்லயே சேத்து வெச்சுக்கோங்க. வேலைய ரிசைன் பண்ணிட்டா ஜீவனாம்சம் தர வேணாம்னு டீக்கடையில எவனோ சொல்லிருக்கான், அத நம்பி நல்ல கம்பெனி வேலைய விட்ட பசங்க இருக்காங்க, கோர்ட் சம்பாதிக்கிற தகுதியப் பாக்கும்கிறது அவங்களுக்கு அப்பறமா தெரியும். இந்து திருமண சட்டம் 24ஆவது பிரிவுல வருமானம் இல்லாத புருஷனும் கேக்கலாம், அது யாருக்கும் தெரியாது, தெரிஞ்சாலும் கூச்சப்பட்டுக்கிட்டு கேக்க மாட்டாங்க.

ஃபீஸ். இதப் பேச வக்கீலுங்களுக்கும் கூச்சம் கட்சிக்காரங்களுக்கும் கூச்சம், அதனாலதான் எல்லா தகராறும். மொதல் நாளே கேளுங்க, மொத்தமா எவ்வளவு, எந்தக் கட்டத்துல எவ்வளவு, டைப்பிங், ஜெராக்ஸ், சம்மன் அனுப்ப கட்டுற பேட்டா எல்லாம் இதுல சேத்தியா வெளியவா. ஒரு வெள்ளத் தாள்ல எழுதி வாங்கிக்கோங்க, ஜி.பே. பண்ணுனா அதுவே கணக்கு. செட்டில்மென்ட் பணத்துல இத்தன சதவீதம் எனக்குன்னு பேசுறது வக்கீலுங்களுக்கு மேல இருக்குற பார் கவுன்சில் விதிப்படியே தப்பு, கேஸ் முடிவ வெச்சு ஃபீஸ் பேசக்கூடாது. வக்கீல மாத்தணும்னு நெனச்சா மாத்தலாம், ஃபீஸ் பாக்கி இருக்குன்னு சொல்லி கேஸ் கட்ட புடிச்சு வெச்சுக்க அவருக்கு உரிமை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 2000லயே சொல்லிருச்சு, பாக்கிக்கு அவரு தனியா வழக்கு போட்டுக்கலாம். நுகர்வோர் கோர்ட்டுக்கு போவேன்னு மிரட்டுறதுல பிரயோஜனம் இல்ல, 2024ல அந்தக் கதவ சாத்திட்டாங்க, புகார்னா பார் கவுன்சிலுக்குதான். வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. கேஸ் நம்பர் ஆனதும் 16 இலக்க சி.என்.ஆர். நம்பர, அதாவது கோர்ட் கம்ப்யூட்டர்ல உங்க கேஸுக்குன்னு இருக்குற தனி நம்பர, வாங்கி வெச்சுக்கோங்க, கோர்ட்டுக்குன்னு இருக்குற ஈ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டா அடுத்த வாய்தா எப்பன்னு நீங்களே பாக்கலாம், ஒவ்வொரு தடவையும் எங்கள மாதிரி குமாஸ்தாவுக்கு போன் போட்டு, அண்ணே என்னாச்சுண்ணேன்னு கெஞ்ச வேண்டியதில்ல. நாங்களும் எத்தன பேருக்குத்தான் பதில் சொல்றது, எல்லாருக்கும் ஒரே பதில், தள்ளிப் போட்ருக்காங்க.

காசு இல்லாதவங்களுக்கு வழி இருக்கு, இத உங்க பேப்பர்ல பெரிய எழுத்துல போடுங்க. 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்துல பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னே பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும். டீச்சரா இருந்தாலும் சரி, வீட்டு வேல செய்றவங்களா இருந்தாலும் சரி. ஆம்பளைங்கள்ல எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி, வருமான வரம்புக்கு கீழ உள்ளவங்க இப்படி பல பேருக்கு உண்டு. ஜில்லா கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், இல்லன்னா 15100க்கு போன் போடலாம். இலவச வக்கீல்னா மட்டமா இருப்பாங்கன்னு ஒரு நெனப்பு இருக்கு, எல்லா எடத்துலயும் நல்லவங்களும் இருக்காங்க சோம்பேறிகளும் இருக்காங்க, சரியில்லன்னா வேற ஆள் போடச் சொல்லி அங்கயே எழுதிக் குடுக்கலாம்.

இப்ப நோட்டரி. நம்ம ஜில்லாப் பக்கம் இன்னும் நடக்குது ஐயா. ஊர்ப் பெரியவங்க உக்காந்து பேசி, இருவது ரூவா பத்திரத்துல நாங்க இன்னிக்கு முதல் பிரிஞ்சுட்டோம், இனி ஒருத்தர் மேல ஒருத்தருக்கு உரிமை இல்ல, அவரவர் இஷ்டப்படி மறுமணம் செஞ்சுக்கலாம்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, ஒரு நோட்டரிகிட்ட சீலும் வாங்கிட்டு, அத்து விட்டாச்சுன்னு வீட்டுக்குப் போயிருவாங்க. அந்தக் காகிதத்துக்கு விவாகரத்துன்னு எந்த மதிப்பும் கிடையாது. சில சாதிகள்ல தீத்து விடுற வழக்கம் காலங்காலமா இருக்கு, இந்து திருமண சட்டத்தோட 29ஆவது பிரிவும் அந்த வழக்கத்த ஒத்துக்குது, ஆனா அப்படி ஒரு வழக்கம் எங்க சாதில இருக்குன்னு கோர்ட்ல சாட்சி வெச்சு நிரூபிக்கணும், அது லேசுல நடக்காது. நிரூபிக்க முடியலன்னா அந்த ரெண்டாம் கல்யாணமே செல்லாது. அப்பறம் அந்த மனுஷன் செத்தா பென்ஷனுக்கு ரெண்டு பொம்பளைங்க மனு குடுப்பாங்க, பத்திரத்துல கையெழுத்து போட்டவ சட்டப்படி பொண்டாட்டி, கடைசி வரைக்கும் கஞ்சி ஊத்துனவ வெளிய நிப்பா. இந்த மாதிரி வாரிசுச் சண்டைய நான் நெறைய பாத்துட்டேன். எழுதிக் குடுக்குறது வக்கீலா இருந்தாலும் அது தப்புதான், அதனால ஒரு வக்கீல் உங்களுக்கு இந்தப் பத்திரத்த சிபாரிசு பண்ணுனா எழுந்திரிச்சு வந்துருங்க. ரெண்டு பேருக்கும் சம்மதம்னா 13பி மனுவே போடலாமே, கோர்ட் ஃபீஸ் அப்படி ஒண்ணும் பெரிய தொக இல்ல.

கிறிஸ்தவங்களுக்கு 1869 சட்டம், அதுல பரஸ்பர சம்மதம்கிறதே 2001லதான் வந்துச்சு. சாதி மதம் மாறி பதிவுத் திருமணம் பண்ணுனவங்களுக்கு 1954 சிறப்புத் திருமண சட்டம். உங்க கல்யாணம் எந்தச் சட்டத்துல நடந்துச்சுன்னு வக்கீல் மொத கேள்வியா கேக்கலன்னா யோசிங்க.

கடைசியா ஒண்ணு, தீர்ப்பு சொல்லிட்டாங்கன்னு சாயங்காலமே மண்டபம் பாக்க கிளம்பிறாதீங்க. சண்டைக் கேஸ்ல அப்பீல் கெடு முடியுற வரைக்கும், அப்பீல் போட்ருந்தா அது முடியுற வரைக்கும் மறுமணம் பண்ணக் கூடாது, சம்மதத் தீர்ப்புக்கு குடும்ப கோர்ட் சட்டப்படி அப்பீல் இல்ல. தீர்ப்போட சான்றிட்ட நகலுக்கு அன்னிக்கே மனு போட்டு ரெண்டு மூணு காப்பி வாங்கி வெச்சுக்கோங்க, ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், பி.எஃப். நாமினி, குழந்தை பள்ளிக்கூடம் எல்லா எடத்துலயும் கேப்பாங்க. நாமினி பேர மாத்துறத முக்கியமா மறந்துராதீங்க, அது தானா மாறாது.

உங்க வாசகர் நேரா போய் பேசி முடிச்சேன்னு எழுதியிருந்தாருல்ல, அவரு ஒப்பந்தத்துல என்ன எழுதுனாங்க, நகல் வாங்குனாரா, பழைய கேஸ் எதுவும் பாக்கி இருக்கான்னு அவர்கிட்ட கேட்டு ஒரு வரி போடுங்க ஐயா, அவருக்கே உபயோகமா இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
மதுரை.